நட்ட மரமும் பிழைத்த மரமும்

1950-ஆம் ஆண்டில் மத்திய உணவு, விவசாய மந்திரியாக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்ஸவத்தைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் ஆண்டுதோறும் ஜூலை மாதம் பிறந்ததும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வீட்டு முற்றங்களிலும் குழிகள் தோண்டப்படுகின்றன, கன்றுகள் நடப்படுகின்றன, நட்டவற்றின் எண்ணிக்கை ஏடுகளில் பதியப்படுகிறது. மரத்தின் மீது மக்களுக்குப் பற்றினை உண்டாக்கியதில் இவ்விழா ஆற்றியுள்ள தொண்டு சிறிதன்று. எனினும் அந்த ஏடுகளில் பெரும்பாலும் ஒரு குறை காணப்படுகிறது. நட்ட நாளன்று எத்தனை கன்றுகள் இருந்தன என்பதை அவை கூறும். அடுத்த ஜூன் மாதத்தில் எத்தனை எஞ்சி நின்றன என்பதைக் கூறமாட்டா.

மரம் நடும் பணியின் வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்ளத்தக்கது நட்ட கன்றுகளின் எண்ணிக்கையன்று. மூன்றாவது கோடையைக் கடந்து உயிருடன் நிற்கும் மரங்களின் எண்ணிக்கையே ஆகும். இக்கருத்து எல்லா ஊர்களுக்கும் பொருந்துமெனினும், மும்பை போன்ற ஒரு நகரத்துக்குச் சிறப்பாகப் பொருந்தும். "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்னும் பழமொழி தெய்வத்தின் அருளைக் கருதிச் சொல்லப்பட்டது. மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ மரம் வைப்பவர் அப்பொறுப்பைத் தெய்வத்திடம் விட்டுவிட முடியாது. அங்கு ஆண்டில் எட்டு மாதங்களுக்கு வானம் தண்ணீர் ஊற்றுவதில்லை.

இருவகை அபாயங்கள்

மும்பையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாள் ஜூன் 11 என்றும், அது விலகும் நாள் அக்டோபர் 8 என்றும் இந்திய வானிலைத் துறை 2020-ஆம் ஆண்டில் வகுத்த சராசரிக் கணக்கு கூறுகிறது. இந்த நான்கு மாதங்களுக்குள் 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்துவிடுகிறது. எஞ்சிய 246 நாட்களில் மழை மிக அரிது. அதாவது, ஏறத்தாழ 35 வாரங்கள் கன்று மனிதனின் கையையே நம்பி வாழவேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறியவர்களின் பழக்கத்துக்கு இது மாறானது. சென்னையிலும் திருநெல்வேலியிலும் ஆடியிலோ ஆவணியிலோ நட்ட கன்றுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்து உதவுகிறது. மும்பையிலோ ஐப்பசி மாதம் தொடங்குவதற்கு முன்பே மழை விடைபெற்றுவிடுகிறது. ஊரில் கண்டறிந்த வழக்கத்தைக் கொண்டு, "மழை வரும், பிழைத்துக்கொள்ளும்" என்று இருந்துவிட்டால், வந்து சேர்வது மழையன்று. மார்ச் மாதத்து வெயிலே.

ஆகவே மும்பையில் நடப்படும் கன்று இருவகை அபாயங்களுக்கு உள்ளாகிறது. முதல் நான்கு மாதங்கள் நீரில் மூழ்கி வேர் அழுகும் அபாயம். அடுத்த எட்டு மாதங்கள் நீரின்றி வேர் காயும் அபாயம். ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றுக்கு இடம் கொடாதவாறு கன்றினைப் பேணுவதே களப்பணியாளரின் திறமையாகும்.

மண்ணுக்கடியில் நிகழ்வது

நாற்றங்காலில் வளர்ந்த கன்றின் வேர்கள் யாவும் ஒரு பாலிதீன் பைக்குள் அடங்கிய சிறு மண்கட்டியில் இருக்கின்றன. இலைகளோ திறந்த வெளியில் விரிந்து, ஓயாமல் நீராவியை வெளியிடுகின்றன. நட்ட பின்னர்ப் புதிய வேர்கள் அந்த மண்கட்டியை விட்டு வெளியேறிச் சுற்றியுள்ள நிலத்தைப் பற்றும் வரையில், ஒரு முழத் தொலைவில் ஈரம் இருந்தாலும் கன்றினால் அதனை எடுத்துக்கொள்ள இயலாது. சுற்றிலும் ஈரமான நிலம் இருக்கையில் கன்று வாடி நிற்பதன் காரணம் இதுவே. வேருக்கும் இலைக்கும் இடையே ஏற்பட்ட இந்தச் சமமின்மை நீங்குவதற்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வரை செல்லலாம்.

உயரமான கன்று விரைவில் மரமாகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. விழாவன்று அது கண்ணுக்கு நிறைவாகவும் தோன்றும். எனினும், நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்படும் பெரிய கன்று தன் வேர்களில் மிகுதியான பகுதியை இழந்துவிடுகிறது. அதனால் அது நிலைகொள்வதற்குப் பிடிக்கும் காலமும் நீளுகிறது. உயரம் கூடக்கூடப் பராமரிப்புக் காலமும் கூடும் என்பதை உணராமல் உயரத்தை மட்டும் விரும்புதல் பொருந்தாது.

பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர்கள் பையின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றியிருக்கும். பையை முழுவதும் அகற்றி, சுற்றிய வேர்களைக் கையால் நெகிழ்த்தோ, கூரிய கத்தியால் ஓரிடத்தில் அறுத்தோ நடுதல் வேண்டும். இல்லையெனில் அவை மண்ணில் பரவாமல், தம்மையே சுற்றிக்கொண்டு பருக்கும். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பருவக்காற்றில் அம்மரம் சாயும்போது பழி காற்றின்மேல் விழுகிறது. குற்றம் நட்ட நாளிலேயே நேர்ந்திருக்கக்கூடும்.

குழியும் கழுத்தும்

ஆழமான குழி நல்லது என்பது மற்றொரு தவறான எண்ணம். குழி மண்கட்டியின் உயரத்துக்கு மேல் ஆழமாக இருத்தலாகாது; அகலத்திலோ மண்கட்டியைப்போல இரண்டு, மூன்று மடங்கு இருத்தல் வேண்டும். அடிமரம் சற்று அகன்று வேராக மாறும் இடத்தை வேர்க்கழுத்து எனலாம். அக்கழுத்து நிலமட்டத்தில் வெளியே தெரியவேண்டும். அதனை மண்ணில் புதைத்துவிட்டால் பட்டை ஈரத்தில் அழுகும். வேர்களுக்குக் காற்றும் எட்டாது. மழையில் மண் அமர்ந்து கன்று தாழ்வதால், நடும்போது விரலளவு உயர்த்தி நடுவதே ஏற்றது.

மும்பையின் நிலத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. நகரின் பல பகுதிகள் தாழ்வான சதுப்பு நிலத்தை நிரப்பி உண்டாக்கப்பட்டவை. புதுக் கட்டடங்களின் முற்றங்களிலோ மேலே ஒரு சாண் செம்மண்ணும், கீழே உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் காரையும் இறுகிக் கிடப்பதுண்டு. அத்தகைய இடத்தில் தோண்டப்பட்ட குழி, அடியில் துளையில்லாத தொட்டியைப் போன்றது. ஜூலை மாதத்து மழை அதில் தங்கிவிடும். நடுவதற்கு முந்திய நாள் குழியில் நீரை நிரப்பிப் பார்த்தல் எளிய சோதனை. மறுநாளும் நீர் வடியாமல் நின்றால், அடியிலுள்ள சிதிலத்தை அகற்றி வடிகால் அமைக்கவேண்டும். அல்லது மேடு கட்டி அதன்மேல் நடவேண்டும். இரண்டும் இயலாவிடில் அவ்விடத்தை விட்டுவிடுதலே அறிவுடைமை.

நடைபாதைக் கற்களும் மூச்சும்

1896-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின்னர், 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு, தாதர், மாட்டுங்காப் பகுதிகளை அகன்ற வீதிகளும் திறந்த வெளிகளும் கொண்டவையாகத் திட்டமிட்டது. ஐந்து தோட்டங்களைச் சுற்றியுள்ள வீதிகளின் நிழல் இன்றும் அத்திட்டத்தின் பயனைக் காட்டுகிறது. அம்மரங்கள் இளமையில் பெற்றிருந்த ஒரு வசதி இன்றைய கன்றுகளுக்குக் கிடைப்பதில்லை; அதுவே திறந்த மண். அண்மைக் காலத்தில் மும்பையின் தூங்குமூஞ்சி மரங்கள் பல மாவுப்பூச்சியின் தாக்குதலால் பட்டுப்போயின. அவற்றின் இடத்தில் நடப்படும் கன்றைச் சுற்றிச் சிமெண்டுக் கற்கள் அடிமரம் வரை நெருக்கமாகப் பதிக்கப்பட்டால், பெய்த மழையும் உள்ளே இறங்காது. வேருக்கு வேண்டிய பிராணவாயுவும் கிட்டாது.

செம்பூரின் பழைய வீட்டு மனைகளிலும் இவ்வாறே. தென்னையும் மாவும் நின்ற முற்றங்கள், புதுக் கட்டடங்கள் எழும்போது மோட்டார் வண்டிகள் நிற்கும் தளங்களாகிவிடுகின்றன. தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் உள்ள சிமெண்டுத் தளத்தை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டில் கட்டளையிட்டது. மும்பையின் குடியிருப்புச் சங்கங்கள் தம் முற்றத்தில் இதனைத் தாமே ஒரு விதியாக ஏற்றுக்கொள்வதற்கு எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் மண்ணை விட்டுக்கொடுக்க மனமில்லாத இடத்தில் கன்றை நடுவது, அக்கன்றுக்குச் செய்யும் தீங்கேயாகும்.

ஆயிரம் லிட்டர்க் கணக்கு

நடும் விழாவில் கன்றுக்கு ஒரு செம்பு நீர் வார்க்கப்படுகிறது. அதற்கு உண்மையில் வேண்டியது எவ்வளவு? முதலாண்டில் வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி நீர் என்று வைத்துக்கொண்டால், மழையற்ற 35 வாரங்களுக்கு ஒரு கன்றுக்கு 1,050 லிட்டர் ஆகிறது. ஒரு பள்ளி 12 கன்றுகளை நட்டால், வாரத்துக்கு 24 வாளி நீர் தேவை. மாணவர்கள் முறைவைத்து ஊற்றிவிடலாம். அதே பள்ளி 100 கன்றுகளை நட்டால், வாரத்துக்கு 200 வாளி நீர் தேவைப்படும். அதனைச் சுமப்பார் யார்? நூறு நட்டுப் பத்தைக் காப்பதினும், பன்னிரண்டு நட்டுப் பத்தைக் காப்பது சிறந்தது என்பதற்கு இக்கணக்கே சான்று. மடிந்த தொண்ணூறு கன்றுகளுக்கு ஊற்றப்பட்ட நீரும் உழைப்பும் அந்தப் பத்துக்கே சென்றிருந்தால், அவை இன்னும் செழித்திருக்கும்.

நீர் அருமையான நகரத்தில் மரத்துக்கு நீர் கேட்பது முறையா என்று ஒரு கேள்வி எழக்கூடும். கேள்வி நியாயமானதே. தாராவியின் சந்துகளில் குழாயில் நீர் வரும் சில மணி நேரத்துக்குள் குடங்களை நிரப்பிக்கொள்ள வேண்டிய நிலை உள்ளது. அந்த வேலை பெரும்பாலும் பெண்களின் மேலும் சிறுமியர் மேலும் விழுகிறது. வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டில் நீர் கொண்டுவருமாறு மாணவர்களுக்கு ஆசிரியர் பணிப்பாராயின், அச்சுமை எவர் தலையில் ஏறும் என்பதைச் சிந்தித்துப் பணித்தல் வேண்டும். மரத்துக்கு உரியது குடிநீரன்று. அரிசியும் காய்கறியும் கழுவிய நீர், மதிய உணவுக்கு முன் சோப்பின்றிக் கை கழுவிய நீர், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர் ஆகியவை எவ்விதத் தயக்கமுமின்றி உதவும். சலவைத் தூள் கரைந்த நீரை மட்டும் விலக்கவேண்டும். அதிலுள்ள சோடிய உப்பு மண்ணைக் கெடுக்கும்.

நீரை மெதுவாக வார்த்தல், நிறைய வார்ப்பதினும் முக்கியமானது. அடியில் சிறு துளையிட்ட மண்பானையைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், நீர் வெயிலில் வீணாகாமல் வேரை நோக்கிக் கசியும். கன்றைச் சுற்றிக் காய்ந்த இலை, தென்னைநார் முதலியவற்றை நான்கு விரற்கட்டை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் நெடுநேரம் நிற்கும். மூடாக்கு அடிமரத்தைத் தொடலாகாது. ஒரு சாண் விலகி வளையம்போல் இருக்கவேண்டும். இரண்டாம் ஆண்டில் நீர் ஊற்றும் இடைவெளியை நீட்டி, அளவைக் கூட்டி, அடிமரத்திலிருந்து சற்று விலகி ஊற்றினால், வேர்கள் நீரைத் தேடி வெளியே பரவும்.

நீர் தேவையா என்பதை அறிய ஒரு குச்சியை விரல் நீளத்துக்கு மண்ணில் செருகி எடுத்துப் பார்த்தல் போதும். நண்பகலில் இலை தொய்வது வெப்பத்தினாலும் நிகழும். விடியற்காலையிலும் இலை தொய்ந்திருந்தால் அதுவே எச்சரிக்கை. இலையுதிர்ந்த கன்றினைப் பட்டுவிட்டது என்று பிடுங்குவதற்கு முன், கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்க்கவேண்டும். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இச்சோதனைகளை மாணவர்களைக் கொண்டே செய்வித்தால், தாவர நூற்பாடம் அவர்கள் கண்முன் நிகழும்.

அன்பினால் விளையும் தீங்குகள்

நட்டவுடன் மிகுதியான இரசாயன உரமிடுதல், இளவேர்களைக் கருக்கிவிடும். மட்கிய தொழுவுரத்தைச் சிறிதளவு மேலே இட்டால் முதலாண்டுக்குப் போதும். ஊன்றுகோலில் கன்றினை இறுக்கிக் கட்டுவதும் தவறே. காற்றில் சிறிது அசையும் கன்றே அடிமரம் பருத்து உறுதி பெறுகிறது; ஆதலின் கட்டு நெகிழ்வாக இருக்கவேண்டும்; ஓராண்டில் அதனை அவிழ்த்துவிடவேண்டும். மாடும் ஆடும் கடியாதிருக்க வைத்த இரும்புக் கூண்டினை உரிய காலத்தில் அகற்ற மறந்தால், காத்த கூண்டே மரத்தின் கழுத்தை நெரிக்கும். இவையாவும் நடும் நாளில் முடிந்துவிடும் வேலைகளல்ல. நினைவு வைத்துப் பின்னர்ச் செய்யவேண்டியவை.

எந்த மரம் என்பதும் சிந்திக்கத்தக்கது. கடற்காற்றும் உப்பும் தாங்கும் புன்னையும் பூவரசும் புங்கமும் இந்நகரத்துக்குப் பொருந்துவன. மகாராஷ்டிரத்தின் மாநில மலரைத் தரும் பூமருது பெருமழையைத் தாங்கி வளரும். குறுகிய முற்றத்துக்கு முருங்கையும் கறிவேப்பிலையும் போதும். மின்கம்பிக்கு அடியில் ஓங்கி வளரும் மரத்தை நட்டு, ஆண்டுதோறும் அதன் தலையை வெட்டுவதில் பயனில்லை.

மே மாதம் என்னும் சோதனை

மகாராஷ்டிரப் பள்ளிகளில் கல்வியாண்டு ஜூன் நடுவில் தொடங்குகிறது. மே மாதம் முழுவதும் விடுமுறை. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல அம்மாதத்தில் சொந்த ஊருக்குச் செல்கின்றன. பள்ளியின் வாயிலும் பூட்டப்பட்டிருக்கும்; வீட்டின் கதவும் பூட்டப்பட்டிருக்கும். பத்து மாதங்கள் அக்கறையுடன் வளர்த்த கன்றுக்கு, மண் மிகவும் வறண்டிருக்கும் அந்த ஆறு வாரங்களில் ஊற்றுவார் இல்லை. ஜூன் மாதத்தில் திரும்பி வரும் மாணவன் காய்ந்த குச்சியைக் காண்கிறான். மரம் வளர்ப்பது வீண் வேலை என்ற பாடத்தையே அவன் அதிலிருந்து கற்றுக்கொள்ளக்கூடும்.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. ஒவ்வொரு கன்றுக்கும் மே மாதப் பொறுப்பாளர் ஒருவரை நடும் நாளன்றே குறித்துவிடவேண்டும். பள்ளியின் காவலாளி, குடியிருப்புச் சங்கத்தின் காவலாளி, ஊருக்குச் செல்லாத அண்டை வீட்டார் ஆகியோருள் ஒருவராக அவர் இருக்கலாம். காவலாளிக்கு இது கூலியற்ற மற்றொரு சுமையாகிவிடாதபடி, கன்று வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அவருடைய உழைப்புக்கென ஒதுக்குதல் நியாயம். அப்படி ஒருவரையும் குறிக்க முடியாத கன்றினை நடாமல் இருப்பதே மேல்.

பதிவேடு எதைச் சொல்லவேண்டும்

1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவை பாரம்பரிய மரங்களாகக் கொள்ளப்பட்டன. வெட்டப்படும் மரத்தின் வயதுக்கு ஈடான எண்ணிக்கையில் கன்றுகளை நடவேண்டும் என்றும், ஏழாண்டுகள் அவற்றைப் பேணவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. நடுதலோடு கடமை முடிவதில்லை என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட பின்னர், பள்ளியின் ஏடும் அலுவலகத்தின் ஏடும் நடும் நாளோடு நின்றுவிடுவது பொருந்தாது.

கன்றின் பெயர், இடம், நட்ட நாள், பொறுப்பாளர், மே மாதப் பொறுப்பாளர், அக்டோபரிலும் மார்ச்சிலும் ஜூனிலும் அதன் நிலை, மடிந்தால் மடிந்ததன் காரணம் ஆகியவை பதிவேட்டில் இடம்பெறவேண்டும். பிழைத்தவற்றை எண்ணத் தொடங்கினால் களப்பணியாளர்மீது பழி விழும் என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சத்தைப் புறக்கணித்தலாகாது. கன்று மடிந்ததற்குத் தண்டனை உண்டு என்றால், மடிந்த கன்றின் இடத்தில் இரவோடு இரவாக வேறொன்று நடப்படும். ஏடு நிறைவாக இருக்கும். அறிவு மட்டும் வளராது. ஆதலின் மேலதிகாரிகள் கேட்கவேண்டிய கேள்வி, "யாரால் மடிந்தது?" என்பதன்று, "எதனால் மடிந்தது?" என்பதே. நீரின்மை, நீர்த்தேக்கம், வேர்க்கழுத்துப் புதைவு, பூச்சி, காயம் என்று காரணங்கள் மூன்றாண்டுகள் ஒழுங்காகப் பதியப்படுமாயின், அவ்வட்டாரத்துக்கு அதனினும் பயனுள்ள கையேடு வேறில்லை.

பொறுமையின் பயனைக் காண விரும்புவோர் தாராவியை அடுத்து, மித்தி ஆற்றின் கரையில் அமைந்துள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவுக்குச் சென்று வரலாம். 37 ஏக்கர் பரப்புள்ள அவ்விடம் முன்னாளில் நகரத்தின் குப்பை கொட்டும் மேடாக இருந்தது. 1977-இல் குப்பை கொட்டுவது நின்றது. பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டதோ 1994-ஆம் ஆண்டில். இடையில் கழிந்த 17 ஆண்டுகள் மண்ணைத் திருத்தவும் கன்றுகளைப் பேணவும் செலவாயின. நகரத்தின் மிக நெரிசலான பகுதியின் ஓரத்தில் இன்று பறவைகள் தங்கும் ஒரு காடு நிற்கிறது. குப்பை மேட்டில் மரம் பிழைக்குமாயின், பள்ளி முற்றத்தில் பிழையாதிருக்கக் காரணமில்லை. அங்குக் கிடைத்த நெடுநாள் கவனிப்பு இங்கும் கிடைக்கவேண்டும், அவ்வளவே.

அடுத்த ஜூலை மாதத்தில் மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்கு முன், ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வார்களாக: வருகிற மே மாதம் இருபதாம் நாள் இக்கன்றுக்கு நீர் ஊற்றப்போகிறவர் யார்? அதற்கு ஒரு பெயர் விடையாகக் கிடைக்கும் இடங்களில் மட்டும் குழி தோண்டினால், நடப்படும் கன்றுகள் குறையும். நகரத்தின் நிழல் பெருகும்.